பின்பக்கத்தில் ஒரு காய்கறிப் போர்

சார்லஸ் டார்வின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலைக் கையால் எழுதி முடித்தபோது ஏறக்குறைய 600 தாள்கள் சேர்ந்திருந்தன. இன்று எங்கெங்கோ இருப்பதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் 45 தாள்கள் அளவுக்குத்தான் தேறுகின்றன. மற்றவை வெள்ளத்தில் போகவில்லை, யாரும் திருடவும் இல்லை. புத்தகம் அச்சாகி வந்தாயிற்று, இனி இந்த அடித்தல் திருத்தல் எதற்கு என்று எழுதியவரே விட்டுவிட்டார். தப்பிய தாள்களில் சில தப்பியதற்குக் காரணம் அவற்றின் பின்பக்கம். அங்கே அவருடைய பிள்ளைகள் படம் வரைந்திருந்தார்கள்.

அவற்றில் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் டார்வினின் அவசரக் கையெழுத்து. திருப்பினால் வண்ணம் தீட்டிய ஒரு போர்க்களம். காய்கறிகளும் பழங்களும் சிப்பாய்களாகிச் சண்டை போடுகின்றன. வரைந்தவன் மூன்றாவது மகன் பிரான்சிஸ் என்று கருதுகிறார்கள். நூல் வெளியான 1859-இல் அவனுக்கு வயது 11.

இந்தத் தாள் பிறந்த நேரம் நல்ல நேரமல்ல. 1858 ஜூன் 18 அன்று, மலாய்த் தீவுகளில் இருந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. 20 ஆண்டுகளாகத் தான் மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த அதே கருத்து அதில் இருப்பதைப் பார்த்து டார்வின் ஆடிப்போனார். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் வீட்டில் விஷக்காய்ச்சல் புகுந்தது. ஜூன் 28-இல் ஒன்றரை வயதுக் கடைக்குட்டி சார்லஸ் வாரிங் இறந்துபோனான். ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. உயிரியலின் வரலாற்றில் பெரிய நாள் என்று நாம் படிக்கும் அந்த நாளில் டார்வின் அரங்கில் இல்லை. பிள்ளையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

காய்ச்சலுக்குப் பயந்து குடும்பத்தை வைட் தீவுக்கு அழைத்துப் போனார். ஜூலை 20 வாக்கில் அங்கே உட்கார்ந்து, சுருக்கமாக ஒன்று எழுதலாம் என்று தொடங்கினார். அந்தச் சுருக்கம்தான் 1859 நவம்பர் 24-இல் ஜான் மர்ரே பதிப்பகம் 1,250 படிகள் அச்சிட்ட புத்தகமாக வளர்ந்தது.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. உயிரினங்கள் உலகில் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் பகுதியைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி, தாவரவியலாளரும் உயிர் நண்பருமான ஜோசப் ஹூக்கருக்கு அனுப்பியிருந்தார். ஹூக்கர் வீட்டில் அந்தக் கட்டு எப்படியோ இடம் மாறி, பிள்ளைகள் வரைவதற்காக அவர் மனைவி தாள் போட்டு வைக்கும் இழுப்பறைக்குள் போய்விட்டது. பிள்ளைகள் கேட்பார்களா? கிட்டத்தட்டக் கால் பங்கு காணாமல் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நல்ல வேளையாக டார்வினிடம் பழைய பிரதி இருந்தது. இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்று பதில் எழுதினார். நட்பு முறியவில்லை. பிள்ளை பெற்றவருக்குப் பிள்ளை பெற்றவர் என்ன சொல்லிவிட முடியும்!

டார்வின் வீட்டில் அது விபத்தல்ல, வழக்கம். காகித விஷயத்தில் அவர் மகா சிக்கனம். வரும் கடிதங்களில் எழுதாத பாதி இருந்தால் கிழித்துக் குறிப்புக்கு வைத்துக்கொள்வார். பழைய கையெழுத்துப் படிகளின் முதுகில் புதிய நூலின் வரைவை எழுதுவார். இப்படித்தான் தந்தை தம் நூல்களின் மூலப்படிகளைத் தாமே அழித்துக்கொண்டார் என்று பிற்காலத்தில் பிரான்சிஸ் வருத்தத்தோடு எழுதினார். அதே தாள்களின் முதுகில் தாமும் உடன்பிறந்தவர்களும் பட்டாம்பூச்சியும் பறவையும் பட்டாளமும் வரைந்தவர்கள்தாம்.

தாள் பிள்ளைகள் கைக்கு எளிதாக வந்ததற்கு அந்த வீட்டின் நடப்புதான் காரணம். கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற சிற்றூர். 1842-இல் குடிவந்த வீடு. விக்டோரியா காலத்துக் கனவான்கள் படிப்பறைக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள், பிள்ளைகள் செவிலி பொறுப்பில் மாடியில் கிடப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். டார்வினின் படிப்பறைக்குள் கத்தரிக்கோல், குண்டூசி, நூல், அளவுகோல், சுத்தி என்று எதைத் தேடியும் பிள்ளைகள் நுழைவார்கள். நாலைந்து முறை ஆனபிறகு, இன்று நிறையத் தடவை தொந்தரவாகிவிட்டது, இனி வராமல் இருக்க முடியுமா என்று பொறுமையாகக் கேட்பாராம். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அந்த அறை சோபாவிலேயே படுக்கை. நுண்ணோக்கி முன்னால் அவர் உட்காரும் சக்கர முக்காலி, அவர் எழுந்தால் பிள்ளைகளுக்கு வண்டி. மாடிப்படியில் பொருத்தச் சறுக்குப் பலகையே செய்து வைத்திருந்தார்கள்.

நான்கு வயது மகன் ஒருவன், வேலை நேரத்தில் அப்பாவை விளையாடக் கூப்பிட ஆறு பென்ஸ் லஞ்சம் பேசினான். வேலை நேரம் புனிதமானது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆறு பென்ஸை ஒருவர் மறுப்பார் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. இன்னொரு நாள் மகன் லெனார்ட், ஏறக் கூடாது என்று சொல்லியிருந்த சோபாவின் மேல் குதித்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்த தந்தை, இது சட்டத்துக்கு விரோதமாயிற்றே என்றார். அப்படியானால் நீங்கள் வெளியே போய்விடுவது நல்லது என்றான் பையன். பார்னக்கிள் என்ற கடல் உயிரியை டார்வின் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டதாம், அவர் தம் பார்னக்கிள்களை எங்கே வைத்துச் செய்கிறார் என்று. அப்பா என்றால் எல்லாருக்கும் அதுதானே தொழில்!

டார்வினின் வாழ்க்கையில் காகிதம் வேறு பாரங்களையும் சுமந்தது. 1838-இல், கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக லாப நட்டக் கணக்குப் போட்டவர் டார்வின். மறு ஆண்டு ஜனவரி 29-இல் மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மாவுக்கு ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை. கணவருக்கு அது கரைந்துகொண்டிருந்தது. மணமான புதிதில், மறுமையில் நாம் பிரிந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு எம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாதாடிப் பதில் எழுதுகிற ஆள் டார்வின். இதை மட்டும் பத்திரப்படுத்தி, தம் மரணத்துக்குப் பிறகு மனைவி படிக்கட்டும் என்று அடியில் ஒரு குறிப்பு வைத்தார்: இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று. அவருடைய நூல்கள் எல்லாவற்றையும்விட அந்தக் குறிப்பு அவரை எனக்கு நெருக்கமாக்குகிறது. மற்றபடி அந்த இல்லறம் கலகலப்பானது. இரவுதோறும் இருவரும் பேக்கமன் காய் நகர்த்துவார்கள். 1876-இல் ஒரு நண்பருக்கு எழுதியபோது டார்வின் கணக்குச் சொன்னார்: எம்மா ஜெயித்தது 2,490 ஆட்டம், தாம் ஜெயித்தது 2,795.

பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். பத்து வயது ஆனி 1851 ஏப்ரலில் மால்வெர்னில் இறந்தபோது அருகில் இருந்தவர் டார்வின். நிறைமாதமாக இருந்த எம்மாவால் போக முடியவில்லை. ஆனியின் எழுதுபெட்டியை எம்மா கடைசிவரை வைத்திருந்தார். கொள்ளுப்பேரனின் மகன் ராண்டல் கெய்ன்ஸ் அதைக் கண்டெடுத்து 2001-இல் ஒரு நூலே எழுதினார். குழந்தை தொட்ட பொருளை எம்மா எறிபவர் அல்ல. படம் வரைந்த தாள்கள் பிழைத்தது இப்படிப்பட்ட வீட்டில் என்பதைக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானி மதிக்காமல் விட்ட நூலின் பக்கங்களை இந்தக் குடும்பப் பாசம்தான் நமக்கு மிச்சம் வைத்தது என்பது என் முடிவு.

1876 மே மாதம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்று டார்வின் தன்வரலாறு எழுதத் தொடங்கினார். அப்போது பேரன் பேத்தி ஒருவரும் பிறக்கவில்லை. செப்டம்பரில் பிரான்சிஸின் மனைவி ஏமி, பெர்னார்டைப் பெற்ற சில நாளில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு பிரான்சிஸ் தந்தை வீட்டுக்குத் திரும்பினார். டார்வினின் 67 வயதில் அந்த வீட்டில் மறுபடியும் மழலை கேட்டது. காய்கறிப் போர் வரைந்த பையன் தந்தையின் ஆய்வுத் துணையாகி, 1880-இல் தாவரங்களின் அசைவைப் பற்றிய நூலில் பங்கு பெற்றார். பெர்னார்ட் வளர்ந்து, டைம்ஸ் இதழில் கால்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதிப் பேர் வாங்கினார்.

1882 ஏப்ரல் 19-இல் டார்வின் இறந்தார். சாவுக்கு அஞ்சவில்லை என்றும், நீ எத்தனை நல்ல மனைவியாக இருந்தாய் என்பதை நினைவில் வை என்றும் எம்மாவிடம் சொன்னார். ஊர்க் கல்லறையில் கிடக்க நினைத்தவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். எம்மா அங்கே போகவில்லை. தாள்கள் குடும்பத்தார் கைகளில் தங்கின. தன்வரலாற்றில் மதம் பற்றிய சில பத்திகளை எம்மாவின் மனம் நோகாமல் இருக்க நீக்கியே அச்சிட்டார்கள். 1958-இல் மகன் ஹோரஸின் மகள், பேத்தி நோரா பார்லோதான் அவற்றைத் திரும்பச் சேர்த்தார்.

டார்வினின் காகிதங்கள் பெருமளவில் 1942-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடையாகப் போயின. அங்கும் எல்லாம் சுகமாக இருந்துவிடவில்லை. டார்வினின் இரண்டு குறிப்பேடுகள் 20 ஆண்டுக்கும் மேல் காணாமல் கிடந்து, 2022 மார்ச்சில் இளஞ்சிவப்புப் பரிசுப் பை ஒன்றில் ஈஸ்டர் வாழ்த்தோடு திரும்பி வந்தன. கொண்டுவந்து வைத்தவர் தம் பெயரைச் சொல்லவில்லை.

பிள்ளைகளின் படங்களையும் கையெழுத்துப் படிகளையும் இப்போது படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் காய்கறிப் போரைக் காட்டுங்கள், டார்வினின் எழுத்தைப் பிறகு பார்க்கலாம்.