கண்ணாடியைக் கழற்றிய கேமரா

சேலத்திலிருந்து ஏற்காடு கிளம்பினா, மலை ஏறுறதுக்கு முன்னாடி ரோட்டோரமா ஒரு பழைய வளைவு நிக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் 1935-ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ. 1956-ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கலர்ல வந்தது இங்கேருந்துதான். அந்தக் காலத்து சினிமா கேமராவைத் தூக்கவே தனி ஆள் வேணும். இன்னைக்கு அதே ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறவங்க கழுத்துல தொங்குற கேமரா, லென்ஸைக் கழற்றிட்டா சில சமயம் அரைக் கிலோகூட வராது.

எப்படி இளைச்சது? எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள்ள சாய்வா ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை மேலே திருப்பி, நம்ம கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கினா மேலே தூக்கிக்கும். அந்த 'டக்' சத்தத்துல பாதி அதோடதுதான். ஃபிலிம் காலத்துல இது அவசியம். சென்சாரே படத்தைக் காட்ட ஆரம்பிச்ச பிறகும் கேமராக்கள் கண்ணாடியைச் சுமந்துக்கிட்டுதான் இருந்தது.

2008 ஆகஸ்ட்ல ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' முறையை அறிவிச்சாங்க. அடுத்த மாசமே பானாசோனிக் ஜி1-ஐ அறிவிச்சது. பாடி மட்டும் 385 கிராம். கண்ணாடி இல்லை, கண் வைக்கிற இடத்துல ஒரு குட்டித் திரை.

ஏற்காட்டுப் பனிமூட்டத்துல இந்தத் திரையோட அருமை தெரியும். வெள்ளையா இருக்கிற மூட்டத்தை கேமராவோட மீட்டர் சாம்பலாக்கிடும். பழைய முறையில், எடுத்து முடிச்ச பிறகுதான் ஏமாந்தது தெரியும். இதுல எடுக்குறதுக்கு முன்னாடியே கண்ணுல படும்.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. 1987-ல கேனன் புது ஈ.எஃப். மவுண்ட்டுக்கு மாறினப்போ, பழைய எஃப்.டி. லென்ஸ் வச்சிருந்தவங்க அநாதையானாங்க. புது பாடியில அது நேரா பொருந்தாது. கண்ணாடி போனதும் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருந்த தூரம் சுமார் 20 மில்லிமீட்டராச் சுருங்கிடுச்சு. மிச்ச இடத்துல ஒரு உலோக வளையத்தைச் செருகினா போதும், பீரோவுல தூங்கின லென்ஸ் எழுந்துடுச்சு. கேனன் கைவிட்டதை எழுப்பினது போட்டிக் கம்பெனிகள்!

குறையும் இருந்தது. 2009-ல ஒலிம்பஸ் ஈ-பி1 வந்தது, 1959-ஆம் வருஷத்து 'பென்' கேமராவை ஞாபகப்படுத்துற அழகோட. ஆனா வியூஃபைண்டரும் இல்லை, ஃபிளாஷும் இல்லை, ஃபோகஸும் மெதுவு. ஓடுற குரங்கை எடுக்க முடியாது. பெரிய கம்பெனிகள் அவசரப்படலை. 2013-ல சோனி ஃபுல் ஃபிரேம் ஏ7-ஐ இறக்கினது. நிக்கானும் கேனனும் அந்த அளவுக்கு வந்தது 2018-லதான்.

2020-ல ஒலிம்பஸ் தன் கேமரா தொழிலையே விற்கப்போறதா அறிவிச்சது.