ஸ்தல ஸ்தாபனங்களும் கர்ப்பத்தடையும்

கர்ப்பத்தடை நன்றோ தீதோ என வாதாடுவோர் பலர். அவ்வாதத்துள் யாம் ஈண்டுப் புகுந்திலம். அவ்வறிவு ஏழை மாதர்க்கு எட்டுவதும் எட்டாமையும் ஸ்தல ஸ்தாபனங்களைப் பொறுத்து நின்றவாற்றை இங்கிலாந்து தேச சரித்திரங்கொண்டு விளக்குதலே எம் கருத்து.

1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்குள்ள ஸ்தல ஸ்தாபனங்கள் தாய்சேய் நல நிலையங்கள் அமைக்கும் அதிகாரம் பெற்றன. சர்க்கார் மானியமும் கிடைத்தது. மகவை வளர்க்கும் முறைகளை அங்கே கற்பித்தனர். ஆயின், மீண்டும் கருவுறாதிருக்க வழி யாதென வினவிய தாய்க்கு விடை கிடைத்திலது. பொருளுடையார் தனி வைத்தியரிடம் கேட்டறிந்தனர். வறியவர் யாரிடங் கேட்பர்? 1921-இல் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் லண்டன் மாநகரில் இலவச நிலையம் ஒன்று திறந்தனர். தேசம் முழுமைக்கும் அஃதொன்று போதுமோ?

1922-இல் எட்மண்டன் என்னும் ஊரின் சபையில் ஊழியம் புரிந்த டேனியல்ஸ் என்னும் தாதி, தாய்மார்க்கு இவ்விஷயத்தைத் தெரிவித்தமைக்காக வேலையினின்றும் நீக்கப்பட்டார். 1924-இல் சுகாதார மந்திரி வீட்லியிடம் பலர் முறையிட்டனர். ஏழைகளின் குடியிருப்புக்கென அவ்வாண்டே சட்டஞ் செய்தவர் அவர். எனினும், பார்லிமெண்டின் அநுமதியின்றிப் பொதுப்பணத்தை இதற்குச் செலவிட இயலாதென மறுத்தனர். 1926-இல் மக்கள் சபை இதனை மறுத்தது. அவ்வாண்டே பிரபுக்கள் சபை 57-க்கு 44 வாக்குகளால் ஆதரித்தது. ஏழைகளின் பிரதிநிதிகள் மறுத்ததனைப் பிரபுக்கள் ஏற்றமை வியப்பன்றோ!

1930-இல் சுகாதார இலாகா இணங்கிற்று. மணமான மாதொருத்தி மேலுங் கருவுறின் உடல்நலங் கெடுமாயின், அவளுக்கு நிலையத்தில் வழி கூறலாம் என்றது. அன்பர்களே, 'கூறலாம்' என்பதனை நோக்குமின்! 'கூறவேண்டும்' என்றிலது. ஆகவே ஓரூர்ச் சபை செய்ய, அடுத்த ஊர்ச் சபை வாளாவிருந்தது. தாயின் உடல்நலம் அவள் குடியிருந்த தெருவின் எல்லையைப் பொறுத்ததாயிற்று. 1967-ஆம் ஆண்டுச் சட்டம் மணம், நோய் என்னும் நிபந்தனைகளை அகற்றியும் அந்த 'லாம்' அகன்றிலது. 1974-இல் இச்சேவை தேசிய சுகாதார ஸ்தாபனத்தின்பாற் சென்று அனைவர்க்கும் இலவசமாயிற்று. 2013-இல் இதன் பெரும்பகுதி மீண்டும் ஸ்தல ஸ்தாபனங்கள்பால் வந்தது. இம்முறை கடமையாகவே வந்தது.

இதனால் யாம் அறிவது யாது? உரிமை ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. ஊர்ச்சபை அதனை வாயிலிற் கொணர்தல் வேண்டும். நம்மவருள் நகரசபையிலும் ஊராட்சியிலும் அமர்வோர், தம் முன் வரும் தீர்மானம் 'லாம்' என முடிகின்றதா, 'வேண்டும்' என முடிகின்றதா என்பதை நோக்குவாராக. அச்சிறு சொல்லிலே ஏழைத் தாயின் உயிர் ஊசலாடுதலும் உண்டு.