பாயூ ஷேன்: மண்ணுக்கடியில் ஓர் ஊர்

சென்ற வாரம் வகுப்பில் வெள்ளத்தைப் பற்றிப் பேசியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஆறு ஓர் ஊரையே விழுங்கிவிடுமா, ஐயா?" என்று வினவினான். வெள்ளம் வடிந்ததும் ஊர் மீண்டுவிடும் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். மீளாத ஊர் ஒன்றின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நலம் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில், அட்சாஃபலாயா என்னும் பெருஞ்சதுப்புப் படுகை உள்ளது. சாக்டா பழங்குடியினர் மொழியில் அதற்கு 'நீண்ட ஆறு' என்று பொருள். அங்கே அசைவதே தெரியாமல் நகரும் நீரோடைகளைப் 'பாயூ' என்பர். அதுவும் சாக்டா மொழிச் சொல்லே. பிரெஞ்சுக்காரர் வாய்வழி வந்தது. அத்தகைய ஓடைகளுள் ஒன்றின் கரையில் அமைந்த ஊர்தான் பாயூ ஷேன். 'ஷேன்' என்றால் பிரெஞ்சில் கருவாலி மரம்.

அவ்வூரார் மீன் பிடித்தும் மரம் வெட்டியும் வாழ்ந்தனர். பிடித்த கெளுத்தி மீன்களை உயிரோடு நீரிலேயே அடைத்து வைத்திருப்பர். வணிகரின் படகு வந்து வாங்கிச் செல்லும். பள்ளிக்கூடம், தேவாலயம், கடை, அஞ்சலகம் எல்லாம் இருந்தன. சாலைதான் இல்லை.

1927-இல் மிசிசிப்பி ஆறு பெருவெள்ளமாய்ப் புரண்டது. மறு ஆண்டே இயற்றப்பட்ட வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்படி, நியூ ஓர்லியன்ஸ் முதலிய நகரங்களைக் காக்க, மிகுநீரை அட்சாஃபலாயா வழியே திருப்பிவிட முடிவாயிற்று. படுகையின் இருபுறமும் கரைகள் எழுந்தன. பரந்து கிடக்க வேண்டிய வண்டல் இப்போது கரைகளுக்கிடையே படிந்தது. ஒரு நகரைக் காக்க ஒரு சிற்றூரைக் கைவிட்டனர் என்றே நான் சொல்வேன்; கணக்குப் பார்ப்போர் வேறு சொல்லலாம். ஆண்டுதோறும் முற்றம் உயர்ந்தது. வீட்டுக்குள் சேறு புகுந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1950-களின் தொடக்கத்தில் அஞ்சலகமும் மூடப்பட்டது.

ஆயினும் அதே வெள்ளம்தான் அப்படுகைக்கு உயிர். இளவேனிலில் நீர் ஏறினால்தான் கிராஃபிஷ் என்னும், இறாலைப் போன்ற நன்னீர் உயிரி பெருகும். நீர் ஏறாத ஆண்டில் பொறிகள் வெறுமையாகவே திரும்பும். இன்று விடுமுறை நாள்களில் மக்கள் படகேறி வருகின்றனர்; தூண்டிலிட்டு பாஸ் மீன் பிடிக்கின்றனர்; சைப்ரஸ் மரங்களினூடே துடுப்பு வலிக்கின்றனர்; மிதவை வீடுகளில் இரவு தங்குகின்றனர்.

"அந்தப் பள்ளிக்கூடம் எங்கே, ஐயா?" என்றான் மாணவன். ஏறத்தாழ 12 அடி வண்டலுக்கு அடியில் அந்த ஊர் கிடக்கிறது என்றேன். அவன் அண்ணாந்து வகுப்பறைக் கூரையைப் பார்த்தான்.