கரையானும் குளோன்சில்லாவும்

சிதம்பரம் கோயில் அறையில் தேவார ஏடுகளில் பாதிக்குமேல் கரையான் தின்றிருந்தது என்பது மரபு. வேற பிரதி இல்லை, போனது போனதுதான். கடலூரில் ஒரு லேபுக்கு லினக்ஸ் சர்வர் அமைக்கும்போது இதுதான் ஞாபகம் வந்தது.

வட்டை அப்படியே நகலெடுக்க 1995-ல் நியூசிலாந்தின் முர்ரே ஹாசார்ட் ‘கோஸ்ட்’ எழுதினார். பிறகு தைவானிலிருந்து வந்தது குளோன்சில்லா, இலவசமாக. டி.எச்.சி.பி. முகவரி தரும், டி.எஃப்.டி.பி. பூட் கோப்பு தரும். மல்டிகாஸ்ட்டில் இமேஜை ஒரு தடவை அனுப்பினா போதும், முப்பது கணினியும் சேர்ந்து வாங்கிக்கும்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சொல்வாங்க. மூலத்தில் நான் விட்ட பிழை முப்பதிலும் இறங்கியது: எல்லாத்துக்கும் ஒரே பெயர்.

திருத்திவிட்டேன். ஆனா இமேஜ் இருந்தது ஒரே சர்வரில். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பார்த்த ஊர் இது. இன்னொரு பிரதியைச் சிதம்பரத்தில் வைத்திருக்கிறேன்.