‘ஒன்லி’ வந்த வழி

1998ஆம் ஆண்டு. டில்லியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘மை மதர் இஸ் ஆல்சோ ஃப்ரம் கும்பகோணம் ஒன்லி’ என்று எழுதியிருந்தாள். கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘மதராசி இங்கிலீஷ்’ என்று எழுதியிருந்தார் ஆசிரியை. குழந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்ககிட்டேருந்துதாம்ப்பா எனக்கு இது வந்துது” என்றாள். அந்தப் பேச்சிலும் ஒரு ‘தான்’ இருந்தது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஆன்லீச்’. ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லீச்’ என்றால் உருவம், உடல். எண்ணுப்பெயரான ‘வன்’ என்பதும் இதே ‘ஆன்’ வழி வந்ததுதான். பிற்காலத்தில் அதன் முன்னால் வகர ஒலி ஒட்டிக்கொண்டது, ‘ஒன்லி’யில் ஒட்டவில்லை. நம்முடைய ‘ஒரே மகன்’ என்பதும் ‘ஒரு’வோடு ஏகாரம் சேர்ந்து வந்ததே. (உடனே இரு மொழிக்கும் உறவு என்று கிளம்பிவிட வேண்டாம்!)

வாக்கியத்தில் ‘ஒன்லி’யை எங்கே வைப்பது என்று ஆங்கில இலக்கணக்காரர்களுக்குள்ளேயே வெகுகாலமாகச் சண்டை. 1926இல் வெளிவந்த தம் அகராதியில் ஃபௌலர், பொருள் குழம்பாதவரை பேச்சு வழக்கில் வரும் இடத்திலேயே இருக்கட்டுமே என்று வழக்கின் பக்கம் நின்றார்.

நம்மவர் ‘ஒன்லி’யின் சங்கதி வேறு. ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் சொல்கிறார். அவற்றுள் பிரிநிலை ஒன்று, தேற்றம் ஒன்று. ஆங்கிலேயரின் ‘ஒன்லி’ பெரும்பாலும் பிரிநிலை, மற்றதை விலக்கும். நாம் “இங்கதான் இருக்கேன்” என்பதையே ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ என்கிறோம். வேறெதையும் விலக்கவில்லை, உறுதிதான் சொல்கிறோம், அதாவது தேற்றம். ‘தான்’ சொல்லுக்குப் பின்னால் நிற்பதால் ‘ஒன்லி’யும் பின்னால் போய் நிற்கிறது.

இது மதராசிகளின் தனிச்சொத்தும் அல்ல. இந்தியின் ‘ஹீ’யும் பின்னால்தான் நிற்கும். ‘ஆஜ் ஹீ’ என்பவர் ‘டுடே ஒன்லி’ என்பார். இந்திய ஆங்கிலத்தின் ‘ஒன்லி’, ‘இட்செல்ஃப்’ இரண்டும் இப்படி அழுத்தம் தரும் சொற்களாக வழங்குவதை கிளாடியா லாங்கே என்ற மொழியியலாளர் 2007இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். ‘இட்செல்ஃப்’ வந்ததிலும் எனக்கு வியப்பில்லை. தமிழில் ‘தான்’ என்பது தன்னைக் குறிக்கும் சொல்லும் அல்லவா?

அந்த ஆண்டே பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அதே ஆசிரியை ஒரு பையனிடம், “டுமாரோ ஒன்லி யூ ப்ரிங் இட்!” என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கான செக்கை எடுத்துக் கொடுத்தேன். தொகையை எழுத்தால் எழுதி, கடைசியில், வழக்கம்போல, ‘ஒன்லி’ என்று போட்டிருந்தேன். அதை யாரும் அடிக்கவில்லை.