உள்ளங்கைத் தடிப்பை அலட்சியம் செய்யாதீர்கள்

நம் முன்னோர் மேகநோய் என்று சொன்னவற்றுள் ஒன்று சிபிலிஸ். முதலில் தொற்றிய இடத்தில் வலியில்லாத புண் வந்து, தானாகவே ஆறிவிடும். சில வாரங்களில் உடலில் தடிப்புகள் தோன்றும். சொரியாசிஸ், ஒவ்வாமை என்று நினைத்துக் களிம்பு பூசுகிறோம். ஆனால் இவை பெரும்பாலும் அரிக்காது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். நம் தோலில் சிவப்பாகத் தெரியாமல் மண்ணிறமாகவோ கருமையாகவோ தெரியலாம்.

தடிப்பு மறைந்தாலும் நோய் மறையாது. ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கும் தொற்றும். இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். பென்சிலின் ஊசியால் குணமாகும். துணையும் பரிசோதிக்க வேண்டும்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதால் வைத்தியரிடம் நாம் பலவற்றை மறைக்கிறோம். இதற்கு மட்டுமாவது வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம்.