சிறுநீரகத்தின் மேல் ஒரு சுரப்பி: முளையவியலும் தகைப்பும் சந்தித்த வரலாறு

மருத்துவம் பயிலும் மாணவர் முளையவியலை உடலமைப்பியலின் ஒரு பகுதியாகக் கற்கின்றனர். அச்சமும் நோவும் பசியும் குளிரும் தாக்கும்போது உடல் எவ்வாறு எதிர்வினையாற்றுகின்றது என்பதை உடற்றொழிலியலிற் கற்கின்றனர். இரண்டிற்குமிடையே தொடர்புண்டென்பது பாடநூல்களில் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடும். ஆயின், வரலாற்று நோக்கில் இவ்விரு துறைகளையும் ஓரிடத்திலே கொண்டுவந்து நிறுத்திய உறுப்பொன்று உளது. சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பியே அது. வளர்ந்தோரில் ஒன்று நாலைந்து கிராம் நிறையே உடைய இச்சிறு உறுப்பைப்பற்றிய ஐயங்கள் தீர ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் சென்றன. அவை தீர்ந்த முறையும், தீர்ந்த பின்னர் அவ்வறிவு தாய்மாரையும் குழந்தைகளையும் சென்றடையப் பட்ட தாமதமும் நம் சிந்தனைக்குரியன.

இத்தாலியரான யுஸ்ரேக்கியஸ் 16ஆம் நூற்றாண்டில் இச்சுரப்பியை முதன்முதலாக விவரித்தார். அதன் தொழில் யாதென அவராற் சொல்ல இயலவில்லை. அவருக்குப் பின் வந்தோராலும் இயலவில்லை. 1716இல் பிரான்சின் போர்டோ நகர அறிஞர் கழகம் இதனையே பரிசுக்குரிய வினாவாக அறிவித்தது. வந்த கட்டுரைகளை மதிப்பிட்டவர், பின்னாளில் அரசியற் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற மொந்தெஸ்கியூ. 1718இல் அவர் அளித்த தீர்ப்பு, பரிசு பெறத் தகுதியானது ஒன்றுமில்லை என்பதாகும். இத்துணை முயற்சியாலும் கைகூடாததைத் தற்செயல் என்றேனும் ஒருநாள் கைகூட்டலாம் என்றும் அவர் கூறிவைத்தார். அவ்வாக்கு ஒருமுறையன்றிப் பலமுறை பலித்ததைக் கீழே காணலாம்.

1855இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் அடிசன் பதினொரு நோயாளரின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். நாளுக்கு நாள் சோர்ந்து, தோல் கருமையுற்று இறந்துபோனவர்கள் அவர்கள். இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது அதிரீனற் சுரப்பிகளிலே நோய் காணப்பட்டது. அடுத்த ஆண்டிலே பாரிஸில் பிறவுண்-செக்காட் விலங்குகளினின்று இரு சுரப்பிகளையும் அகற்றினார். அவை விரைவில் இறந்தன. உயிருக்கு இன்றியமையாத உறுப்பு என்பது தெளிவாயிற்று. ஏன் இன்றியமையாதது என்பது தெளிவாகவில்லை. (அக்காலத்திலேதான் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்க முற்பட்டிருந்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். உடற்றொழிலியலை அவர் மரபினர் 'சுகரணம்' என்றனர். இன்று அச்சொல் வழக்கிழந்துவிட்டது. எனினும் அழகிய சொல்.)

இக்கட்டத்தில் விடைக்கான வழியைக் காட்டியது மருத்துவமன்று, மீன்களின் முளையவியலேயாம். கேம்பிறிட்ஜில் பணியாற்றிய பிரான்சிஸ் பல்பர் என்ற இளைஞர் சுறாவினத்தின் முளைய விருத்தியை ஆராய்ந்து 1878இல் ஒரு நூல் வெளியிட்டார். சுறாவில் இச்சுரப்பி ஒன்றாக இல்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சிறுநீரகங்களுக்கு இடையே ஓர் உறுப்பு கிடந்தது. பரிவு நரம்புத் திரட்டுக்களை ஒட்டிச் சோடிசோடியாக வேறு சிற்றுறுப்புக்கள் கிடந்தன. முன்னது இடைத்தோற்படையிலிருந்தும் பின்னது நரம்புத் தொகுதியிலிருந்தும் தோன்றின. முலையூட்டிகளில் இவ்விரண்டும் ஒன்றாகி, முன்னது மேற்பட்டையாகவும் பின்னது மையவிழையமாகவும் அமைகின்றன என்பது அவர் முடிபு. நான்காண்டுகளின் பின், முப்பதாவது வயதில், அல்ப்ஸ் மலையேற்றமொன்றில் பல்பர் உயிரிழந்தார். முளையவியல் அன்றிழந்ததை அளவிடல் அரிது.

மனித முளையத்திலும் அஃதே நிகழ்கின்றது. ஏறத்தாழ ஐந்தாம் வாரத்தில், உடற்குழியின் பின்சுவரிலே, இலிங்கச் சுரப்பி தோன்றும் இடத்தை அடுத்து, கலங்கள் திரண்டு மேற்பட்டையாகின்றன. பின்னர், நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து பிரிந்த கலங்கள் நெடுந்தூரம் பெயர்ந்து வந்து அத்திரளின் உள்ளே புகுந்து மையவிழையமாகின்றன. ஆகவே, நாம் ஒரு சுரப்பி என்பது உண்மையில் இரு சுரப்பிகள். ஒன்று நரம்பின் உறவு, மற்றது இலிங்கச் சுரப்பிகளின் உறவு. தகைப்பிற்கு உடல் காட்டும் எதிர்வினை ஏன் இரு நடைகளிற் செல்கின்றது, ஒன்று ஏன் நொடிகளிலும் மற்றது ஏன் நிமிடங்களிலும் மணித்தியாலங்களிலும் இயங்குகின்றது என்பதற்கு அடிப்படை இப்பிறப்பு வரலாற்றிலேயே உள்ளது. நரம்பின் வழிவந்தது நரம்பின் விரைவுடன் தொழிற்படுகின்றது. மற்றது குருதியில் வரும் ஓமோனின் கட்டளைக்காகக் காத்திருக்கின்றது.

விரைவான நடையே முதலில் விளங்கிற்று. ஹரகேற் நகரில் மருத்துவத் தொழில் நடத்திய ஜோர்ஜ் ஒலிவர் என்பவர் தம் மகனுக்கே சுரப்பிச் சாற்றைக் கொடுத்து நாடி சுருங்குவதைக் கண்டாரென்றும், லண்டனுக்கு வந்து பேராசிரியர் ஷேஃபரைத் தொந்தரவு செய்தாரென்றும், ஷேஃபர் வேண்டாவெறுப்பாக நாயொன்றிற் சோதித்தபோது குருதியமுக்கமானியின் இரசம் மளமளவென ஏறிற்றென்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதை சற்று மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் 1894ஐ அடுத்து இருவரும் வெளியிட்ட முடிவுகள் ஐயத்துக்கு இடமற்றவை. 1901இல் தக்காமினே அதிரீனலீனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்ததை அறிவித்தார். தூய நிலையிற் பெறப்பட்ட முதலாவது ஓமோன் அதுவே.

ஹாவாட் பல்கலைக்கழகத்து வோல்டர் கனன் இதனை அச்சத்துடனும் சினத்துடனும் இணைத்தார். மாணவராயிருந்தபோது எக்ஸ் கதிர் கொண்டு பூனையின் சமிபாட்டை அவதானித்தவர் அவர். பூனை கலக்கமுற்றதும் இரைப்பையின் அசைவு நின்றுவிடுவதை அப்போதே கண்டிருந்தார். 1911இல், நாயின் குரைப்பினால் வெருண்ட பூனையின் அதிரீனல் நாளக் குருதியை எடுத்து, குடற்றுண்டொன்றின்மீது சோதித்தார். குடலின் அசைவு ஓய்ந்தது. அமைதியான பூனையின் குருதி அவ்வாறு செய்யவில்லை. போராடவோ ஓடவோ உடலை ஆயத்தப்படுத்துவதே இச்சுரப்பின் பணி என்று 1915இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். கிளோட் பேர்ணாட் கூறிய 'அகச்சூழல்' என்ற கருத்தை வளர்த்து, உடல் தன் நிலையைத் தானே பேணும் தன்மைக்குப் பெயரிட்டவரும் இவரே.

மெதுவான நடையை வெளிக்கொணர்ந்தவர் ஹான்ஸ் செலியே. மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் புதியதொரு சூலக ஓமோனைத் தேடிய அவர், எலிகளுக்குச் சூலகச் சாற்றையும் சூல்வித்தகச் சாற்றையும் ஏற்றினார். அதிரீனல் மேற்பட்டை பருத்தது. தைமசுச் சுரப்பி சுருங்கிற்று. இரைப்பையிற் புண்கள் தோன்றின. புதிய ஓமோன் கிடைத்துவிட்டதென அவர் மகிழ்ந்தார். பின்னர் போமலினை ஏற்றியபோதும் அதே மாற்றங்களே தோன்றின. எவரும் மனமொடிந்து கைவிடக்கூடிய வேளை அது. செலியேயோ தோல்வியையே கண்டுபிடிப்பாக்கினார்: எத்தகைய கேடு நேர்ந்தாலும் உடல் தரும் பொதுவான விடையொன்று உண்டு. 1936 யூலையில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவரது குறிப்பு ஒரு பக்கத்தைக்கூட நிறைக்கவில்லை.

பின்னர் அவர் பௌதிகத்திலிருந்து எடுத்தாண்ட சொல்லையே நாம் தமிழில் தகைப்பு என்கின்றோம். இச்சொல்லின் பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. பௌதிக மாணவர் தகைப்பையும் விகாரத்தையும் வேறுபடுத்தியே கற்பர். செலியே கருதியதோ தாக்கத்தினால் உடலில் விளையும் மாற்றம். ஆகவே விகாரம் என்பதே அவர் கருத்துக்கு அணித்தாயிருந்திருக்கும். தம் ஆங்கில அறிவின் குறைவே அப்பிழைக்குக் காரணம் எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பிழையான சொல் உலக மொழிகள் பலவற்றிலும் நிலைத்துவிட்டது.

மேற்பட்டையின் ஓமோன்கள் வேதியியலாராற் பிரித்தெடுக்கப்பட்டமையும், 1948இல் மூட்டுவாத நோயாளருக்குக் கோட்டிசோன் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டமையும், அதற்காகக் கெண்டல், ஹெஞ்ச், றைக்ஸ்ரைன் ஆகியோர் 1950இல் நோபெல் பரிசு பெற்றமையும் பலரும் அறிந்தவை. நமக்கு வேண்டியது மீண்டும் கருப்பையை நோக்கிய வினாவாகும். மனிதச் சிசு பிறக்கும்போது அதன் அதிரீனற் சுரப்பி சிறுநீரகத்தின் மூன்றிலொரு பங்களவு பெரிதாயிருக்கும். வளர்ந்தோரில் அவ்விகிதம் ஏறத்தாழ முப்பதிலொன்றே. பிறந்தபின் அதன் பெரும்பகுதி சில வாரங்களிலே சுருங்கி மறைகின்றது. அச்சமும் பகையும் அணுகாத கருப்பையினுள் தகைப்புச் சுரப்பிக்கு இத்துணைப் பெருக்கம் எதற்கு?

விடைக்கான குறிப்புக்கள் சிதறிக் கிடந்தன. மூளை விருத்தியடையாத சிசுக்களில் இச்சுரப்பி மிகச் சிறியது. அத்தகைய கருப்பங்கள் சில வேளைகளில் உரிய நாள் கடந்தும் நீடிப்பதை மல்பாஸ் 1933இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில், கருவுற்ற பதினான்காம் நாளளவில் வெறாற்றம் என்ற செடியை மேய்ந்த செம்மறிகள் ஒற்றைக்கண் குட்டிகளைச் சுமந்தன. கபச்சுரப்பியற்ற அக்குட்டிகளிற் சில, நாட்கள் கடந்தும் பிறவாமற் கருப்பையிலேயே பருத்தன. பிறப்பின் வேளையைக் குறிப்பது தாயா, சேயா? நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகர மகப்பேற்று வைத்தியரான கிரகம் லிக்கின்ஸ் இவ்வினாவைச் செம்மறிகளிடமே கேட்டார். கருப்பையிலுள்ள குட்டியின் கபச்சுரப்பியை அழித்தால் பிரசவம் நிகழவில்லை. குட்டிக்கு மேற்பட்டை ஓமோனை ஏற்றினால் சில நாட்களிலே பிரசவம் நிகழ்ந்தது. இம்முடிவுகள் 1969 அளவில் வெளிவந்தன. செம்மறியைப் பொறுத்தவரை சேயின் தகைப்பு ஓமோனே பிறப்பின் அழைப்பு மணியாகும். மனிதரில் இவ்வழி அவ்வாறே பொருந்தவில்லை. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் வழி தேடிய லிக்கின்ஸ் அதனைக் கண்டாரல்லர்.

அவர் கண்டது வேறொன்று. ஓமோன் ஏற்றப்பட்டு மிக முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி, இறந்திருக்க வேண்டியது, சுவாசித்துக்கொண்டிருந்தது. செம்மறியின் கருப்பக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகப் பிறக்கும் குட்டியின் சுவாசப்பை விரிந்துகொடுப்பதில்லை. இதன் சுவாசப்பையோ ஓரளவு விரிந்திருந்தது. மொந்தெஸ்கியூ குறிப்பிட்ட தற்செயல் இங்கும் தன் பணியைச் செய்தது எனலாம்.

இதன் பெறுமதியை உணர அக்கால நிலையை அறிதல் வேண்டும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பது அன்று அன்றாட நிகழ்ச்சி. சுவாசப்பைச் சிற்றறைகளின் பரப்பிழுவிசையைக் குறைக்கும் பொருள் அக்குழந்தைகளிற் குறைவாயிருப்பதே காரணமென 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீட்டும் காட்டியிருந்தனர். காரணம் தெரிந்தும் பரிகாரம் இருக்கவில்லை. 1963 ஓகஸ்ற்றில் அமெரிக்க ஜனாதிபதி கெனடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாட்களில் இந்நோயால் இறந்தான்.

லிக்கின்ஸ், குழந்தை வைத்தியரான றொஸ் ஹொவியுடன் சேர்ந்து 1969 இறுதியில் தொடங்கிய பரிசோதனையின் முடிவை 1972இல் வெளியிட்டார். 282 தாய்மார் அதிற் பங்குகொண்டனர். குறைமாதப் பிரசவம் தொடங்கிய தாய்மாருள், பீற்றாமெதசோன் ஏற்றப்பட்டோரின் குழந்தைகளில் நூற்றுக்கு 9.0 பேருக்கே மூச்சுத்திணறல் நோய் கண்டது. ஏற்றப்படாதோரில் அது 25.8. பிறந்த முதல் நாட்களில் இறந்தோர் முறையே நூற்றுக்கு 3.2, 15.0. பீற்றாமெதசோன் தெரியப்பட்டதும் பொருத்தமானதே. தாயின் இயல்பான கோட்டிசோலைச் சூல்வித்தகம் பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடும். தாயின் கலக்கமெல்லாம் சேயைச் சென்றடையாதிருக்க இயற்கை வைத்த காவல் அது. இச்செயற்கை ஓமோன் அக்காவலைத் தாண்டிச் செல்லவல்லது.

விலை மலிந்த மருந்து, இரண்டு ஊசிகள், தெளிவான முடிவு. ஆயினும் அதனைப் பெரும்பாலான மகப்பேற்று வைத்தியர்கள் இருபது ஆண்டுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓமோனைக் கருவிலுள்ள சிசுவுக்குக் கொடுப்பதிலிருந்த அச்சம் ஒரு காரணம். அதனை முற்றாகக் குறைகூறலாகாது. ஆனால் பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்ப்பாரின்மையே பெரிய காரணம் என்பது என் கருத்து. பற்றீசியா குறௌலி அத்தொகுப்பைச் செய்து 1990இல் வெளியிட்டார். 1994இலேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மாநாடு இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இடையில் இறந்த குழந்தைகளுள் எத்தனையோ பிழைத்திருக்கும்.

வறிய நாடுகளின் அனுபவம் இன்னொரு பாடம். இந்தியா, பாகிஸ்தான் உட்பட ஆறு நாடுகளிற் கிராமிய மட்டத்தில் இம்மருந்தைப் பரப்பிய முயற்சியின் பெறுபேறு 2015இல் வெளிவந்தபோது, குழந்தை இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் கூடியே இருந்தது. கருப்பத்தின் வயதைச் சரியாகக் கணிக்க இயலாத இடங்களில், தேவையற்ற தாய்மார் பலருக்கும் ஊசி ஏற்றப்பட்டிருந்தது. 2020இல், பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில், கருப்பத்தின் வயதை மீயொலிப் படத்தால் உறுதிசெய்து நடத்திய பரிசோதனையோ இறப்பைக் குறைத்தது. மருந்து ஒன்றே, அதனைத் தாங்கும் சுகாதார அமைப்பு வேறு.

1972ஆம் ஆண்டுப் பரிசோதனையின் குழந்தைகளை ஒக்லண்ட் ஆய்வாளர் மறந்துவிடவில்லை. முப்பது வயதடைந்த அவர்களைத் தேடிப்பிடித்து, குருதியமுக்கத்தையும் குருதி வெல்லத்தையும் அளந்து 2005இல் வெளியிட்டனர். இருதய நோய்க்கான அறிகுறிகளில் வேறுபாடில்லை. ஆனால் ஊசி ஏற்றப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடத்தே இன்சுலினுக்கு உடல் சற்றுக் குறைவாகவே செவிசாய்த்தது. கருப்பையில் இரு நாட்கள் பட்ட ஓமோனின் சுவடு முப்பது ஆண்டுகளின் பின்னும் குருதியிற் படிக்கக்கூடியதாய் இருந்தது. லிக்கின்ஸ் அப்போது உயிருடனிருந்தார். 2010இல் அவர் காலமானார்.